இலவசப் படிப்பின் செலவுக் கணக்கு: ஓசூர் எல்லையில் தொழிற்கல்வியின் வரலாறு



டிசம்பர் 6 அன்று கூடும்போது நாம் வழக்கமாக அரசியல் சட்டம் பற்றியோ, பௌத்தம் பற்றியோ, இடஒதுக்கீட்டுத் தீர்ப்புகள் பற்றியோ பேசுவோம். இந்த ஆண்டு ஐ.டி.ஐ. பற்றிப் பேசலாம் என்று முடிவெடுத்தபோது எங்களுக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள். அண்ணலின் நினைவுப் பேருரைக்கு ஃபிட்டரும் வெல்டரும் ஒரு பொருளா என்று கேட்டார்கள். சிப்காட்டுக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது என்பதுதான் எங்கள் பதிலாக இருந்தது. நம் காலனிகளில் பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் பலருக்குக் கல்லூரி என்றால் அது தொழிற்பயிற்சி நிலையம்தான். கொஞ்சம் மதிப்பெண் கூடினால் பாலிடெக்னிக்.

ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கை நேரத்தில் நாங்கள் ஒரு மேசை போட்டு உட்கார்கிறோம். விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பது. அரசு ஐ.டி.ஐ. என்றால் இலவசம் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தோம். அது பொய்யும் அல்ல. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், மிதிவண்டி, பேருந்து அட்டை என்று அரசு கொடுக்கும் பட்டியல் நீளமானது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இந்தியாவின் பல மாநிலங்களில் ஒரு தலித் மாணவருக்கு இதில் பாதிகூடக் கிடையாது. இதைச் சொல்லாமல் விமர்சனத்தைத் தொடங்குவது நேர்மை ஆகாது.

ஆனால் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா எங்கள் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபீஸு இல்ல, சரி சார். இவன் கூலிய யாரு குடுப்பாங்க?" என்றார். பையன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். விடுமுறை நாள்களில் அவன் கட்டட வேலைக்குப் போய்க் கொண்டுவந்த பணத்தில்தான் அரிசி வாங்கியிருக்கிறார்கள். எங்களிடம் பதில் இல்லை. அன்று மாலை ஒரு தாளை எடுத்து அந்தக் கேள்வியைக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம்.

2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். கட்டட வேலையிலும் குவாரியிலும் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அரசே ஒத்துக்கொண்ட கூலி என்பதால் இதை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். மாதம் 20 நாள் வேலை என்றால் 6,380 ரூபாய். ஃபிட்டர் படிப்பு 2 ஆண்டு. 24 மாதத்திற்கு 1,53,120 ரூபாய். மறுபக்கம் உதவித்தொகை 750, தமிழ்ப் புதல்வன் 1,000, ஆக மாதம் 1,750; ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தால் 24 மாதத்திற்கு 42,000. இரண்டுக்கும் வித்தியாசம் 1,11,120 ரூபாய். பட்டியலில் "இலவசம்" என்று அச்சிட்ட படிப்புக்கு அந்தக் குடும்பம் செலுத்தும் கட்டணம் இது. இதற்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத செலவு எந்த அரசு அறிக்கையிலும் ஏறுவதில்லை. இடையில் பையன் படிப்பை விட்டுவிட்டால் அது "ஆர்வமின்மை" என்று பதிவாகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் படிப்புகளை நான்கு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். 2021இல் திருத்திய விதிகளின்படி மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய் படிப்பு உதவி. ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் நான்காம் பிரிவு. அங்கே விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 4,000, வீட்டிலிருந்து வருபவருக்கு 2,500. நாள் கணக்கில் பார்த்தால் 7 ரூபாய்க்கும் குறைவு. ஓசூர் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கே அது காணாது. வெல்டருக்குப் பசிக்காது, டாக்டருக்குப் படிப்பவருக்குத்தான் பசிக்கும் என்று யார் முடிவு செய்தார்கள்? நான்கு பிரிவு, அதில் கையால் வேலை செய்பவர் நான்காவது. இந்த வரிசை நமக்குப் புதிதா என்ன!

தொழில் கற்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி ஐ.டி.ஐ.யோடு பிறந்ததல்ல. அதன் பழைய பக்கங்கள் இந்த எல்லையிலேயே கிடக்கின்றன.

நமக்கு வடகிழக்கே கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தொடங்கியபோது வடஆர்க்காடு, சேலம் பகுதிகளின் சேரிகளிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். பண்ணையடிமைத்தனத்திலிருந்து தப்பிக்க அன்று கிடைத்த சில வழிகளில் அது ஒன்று. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அங்கே வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையைத் துளைத்து, வெடிவைத்து, மரமுட்டுக் கொடுத்து, இயந்திரம் ஓட்டிய மனிதர்களில் பெரும்பகுதியினர் தமிழ் ஆதிதிராவிடர்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய 'தமிழன்' ஏட்டை ஆர்வத்தோடு வாசித்தவர்கள் அவர்கள். படிக்கத் தெரிந்த, அமைப்பு கட்டத் தெரிந்த, தொழில் தெரிந்த ஒரு சமூகம் அது. ஆனால் கண்காணிப்புப் பதவிகள் ஐரோப்பியரிடமும் ஆங்கிலோ-இந்தியரிடமும் இருந்தன. கீழே இறங்கியவர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழிலுக்கு ஒரு தாள்கூட யாரும் எழுதித் தரவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது அவர்கள் வெளியே வந்தது "அனுபவமற்ற கூலி" என்ற பெயரோடு. இன்றும் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குக் காவலாளி வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்களில் அந்தச் சுரங்கத்தின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தொழிலறிவுக்குச் சான்று வேண்டும், அதைப் பெறும் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பதை அண்ணல் அம்பேத்கர் தெளிவாகக் கண்டார். 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு நீண்ட மனுவை அரசிடம் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை கேட்டார். வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்டார். அதோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சியாளர்களாக எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த மனிதர் லேத் பட்டறையை மறக்கவில்லை. 1944இல் தொடங்கிய உதவித்தொகைதான் இன்றைய போஸ்ட் மெட்ரிக். அது கருணைத் திட்டமாகப் பிறக்கவில்லை. வாங்கி வைத்த உரிமை அது. இன்று அதைத் தாமதப்படுத்தும் ஒவ்வொரு அலுவலகத்திலும் நாம் நினைவூட்ட வேண்டிய பிறப்புச் செய்தி இது.

அடுத்த பக்கம் இன்னும் அருகில் இருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878இல் அங்கே பிறந்த ராஜாஜி, 1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரியாராலும் திராவிட இயக்கத்தாலும் எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் பதவியேற்றதும் கைவிடப்பட்டது. இந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். தொழிற்கல்வியின் செலவுக் கணக்கு என்ற கோணத்தில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. அரசுக்குப் பைசா செலவில்லாத தொழிற்கல்வித் திட்டம் அது. பயிற்சியாளர் அப்பா, பட்டறை வீடு, உதவித்தொகை சோறு. தச்சன் மகன் தச்சனாவான் என்பது அதன் அழகிய முகம். நம் தெருவில் அப்பாவிடம் கற்க இருந்தது என்ன? செத்த மாட்டைத் தூக்குவது, பறை அடித்துச் சாவு சொல்வது, ஆண்டையின் வயலில் இறங்குவது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று 1936இல் அண்ணல் எழுதியதற்கு அரசாணை வடிவம் கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அது.

ஆகவே அரசு ஐ.டி.ஐ. என்பது சாதாரணக் கட்டடம் அல்ல. 1950இல் ஒன்றிய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, பறையர் வீட்டுப் பையனும் அருந்ததியர் வீட்டுப் பெண்ணும் அப்பா செய்யாத ஒரு தொழிலை, அப்பா அல்லாத ஒருவரிடம், அரசு செலவில் கற்க முடிந்தது. இதை நாம் குறைத்து மதிப்பிடவே கூடாது. எங்களில் சிலர் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்கள். அரம் பிடித்து ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்க இரண்டு வாரம் ஆகும். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பார்த்து, இன்ஸ்ட்ரக்டர் "பரவாயில்ல" என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்கு எந்தப் பட்டமும் ஈடாகாது.

1971இல் சிப்காட் தொடங்கப்பட்டது. பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில், நிலமும் சலுகையும் கிடைக்கும் இடமாக ஓசூர் வளர்ந்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது, டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. சில ஆண்டுகளில் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. டைட்டனின் தொடக்க காலத்தை இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த இளைஞர்களை எடுத்து, கடிகாரம் செய்யக் கம்பெனியே கற்றுக்கொடுத்தது. ஊருக்குப் புதிதான அவர்களை உள்ளூர்க் குடும்பங்களோடு தங்க வைத்தது. அந்த நாளில் ஒரு காலனியிலிருந்து எத்தனை பேர் பிளஸ் டூ வரை போயிருப்பார்கள் என்பது வேறு விஷயம். கற்றுக்கொடுக்கும் செலவு முதலாளியுடையது, கற்பவர் நாளைய நிரந்தரத் தொழிலாளி என்ற ஒப்பந்தம் அப்போது இருந்தது. எங்களுக்கு முந்தைய தலைமுறையில் ஓசூரில் ஓட்டு வீடு கட்டி, பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த சில தலித் குடும்பங்கள் அந்த ஒப்பந்தத்தால் எழுந்தவை.

அந்த ஒப்பந்தம் எப்போது கிழிந்தது என்று ஒரு தேதியைச் சொல்ல முடியாது. சட்டத்தில் அதன் தடங்கள் இருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தில் பிரிவு 18, பயிற்சியாளர் தொழிலாளி அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. 1973இல் சேர்த்த பிரிவு 3ஏ, பயிற்சி இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு வேண்டும் என்கிறது. மாணவர்களே, இந்த இரண்டு பிரிவையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் பிரிவை எல்லா மனிதவள அதிகாரிகளுக்கும் தெரியும். இரண்டாவதைக் கேள்விப்பட்ட ஒருவரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. தனியார் ஆலையில் இடஒதுக்கீடு கிடையாது என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். பயிற்சி இடத்தில் அரை நூற்றாண்டாக உண்டு.

2013இல் ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த நீம் திட்டத்தில் உற்பத்தி வரிசையில் நின்ற இளைஞர் கம்பெனியின் ஆளாகவும் இல்லை, காண்ட்ராக்ட் ஆளாகவும் இல்லை, பயிற்சி பெறுபவராக இருந்தார். நீம் என்றால் வேம்பு. பெயர் வைத்தவர் உண்மையைச் சொல்லிவிட்டார். 2016இல் வந்த தேசிய அப்ரன்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் கம்பெனி கொடுக்கும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசே ஏற்றது. 2019 விதி ஐ.டி.ஐ. முடித்த பயிற்சியாளருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தது. இரண்டு ஆண்டு படித்துவிட்டு வந்தவர், மேலே போட்ட கணக்கில் படிக்காமல் இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக்கூடிய 6,380ஐவிட அந்தக் குறைந்தபட்சம் 620 ரூபாய்தான் கூடுதலாக இருந்தது. அதிலிருந்து அறை வாடகை, மெஸ். வாடகைக்கு வீடு கேட்கப் போனால் ஊரைக் கேட்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். சிப்காட் சுவருக்குப் பக்கத்தில் கிடைக்காத அறை நாலு கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும்; இரவு ஷிப்ட் முடிந்து அந்த நாலு கிலோமீட்டருக்கு ஆகும் ஆட்டோ கட்டணத்தைச் சாதி வரி என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோ, சி.என்.சி. இயந்திரம் எல்லாம் வந்திருக்கின்றன. வரவேற்கிறோம். நம் பிள்ளைகள் தேய்ந்த லேத்தில் கற்க வேண்டும் என்று யாரும் விரதம் எடுக்கவில்லை. இயந்திரத்திற்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்க முடிந்த ஒரு நாட்டில், அதை இயக்கக் கற்பவருக்கு நாளுக்கு 7 ரூபாய் ஏன் என்று மட்டும் கேட்கிறோம்.

தனியார் நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 ஏழைப் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. ஆனாலும், "பணத்தை முதல்ல கட்டுங்க, ஸ்காலர்ஷிப் வந்தா திருப்பித் தர்றோம்" என்ற வசனத்தை இந்த அரங்கில் கேட்காதவர் இருக்க மாட்டார். கட்ட முடியாதவரின் பத்தாம் வகுப்பு அசல் சான்றிதழ் அலுவலக பீரோவில் இருக்கும். தங்கத்துக்கு அடகுக்கடை, நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு இது.

சான்றிதழ் என்றதும் இந்த எல்லைக்கே உரிய ஒரு செலவைச் சொல்ல வேண்டும். சென்னையில் உள்ள தோழர்களுக்கு இது எளிதில் புரிவதில்லை. நம் மாவட்டத்தில் தமிழ் பேசும் ஆதிதிராவிடர், தெலுங்கு பேசும் அருந்ததியர், கன்னடம் பேசும் ஒலெயர் எல்லோரும் இருக்கிறோம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. வேலையும் எல்லை பார்ப்பதில்லை. ஆனால் பட்டியல் சாதி என்ற தகுதி எல்லை பார்க்கிறது. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவுப்படி பட்டியல் மாநிலவாரியானது. தந்தையின் வேலைக்காக ஆந்திரத்திலிருந்து மும்பை வந்து வளர்ந்த ஒரு பழங்குடி மாணவர் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டபோது, மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தத் தகுதி கூட வராது என்றது. தங்கவயல் மூடிய பிறகு ஓசூருக்கு வந்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். தாத்தா வடஆர்க்காட்டிலிருந்து போனவர், அப்பா மாரிக்குப்பத்தில் பிறந்தவர், மகள் ஓசூரில் பத்தாம் வகுப்பு முடித்தவர். ஆதிதிராவிடர் என்ற பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கிறது. அப்பாவின் சான்று கன்னடத்தில் இருக்கிறது. ஊர் ஒதுக்கும்போது மட்டும் இரண்டு மாநிலத்திலும் அவர்கள் ஆதிதிராவிடர். உதவித்தொகை என்றால் அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் போ. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நடை என்றால் ஒரு நாள் கூலி போச்சு. நடை முடிவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும்.

கூலியையும் படிப்பையும் ஒரே உடம்பில் சுமக்கும்போது என்ன நடக்கும் என்பதை 2023 அக்டோபர் 7 காட்டியது. அத்திப்பள்ளியில், நம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், பட்டாசுக் கடையும் கிடங்குமாக இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். தீபாவளி சீசன் வேலைக்குத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அவர்கள். தருமபுரி மாவட்டத்தில் ஒரே ஊரிலிருந்து வந்தவர்களே பலர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். விடுமுறையில் சில நாள் வேலை, அடுத்த செலவுக்குக் கொஞ்சம் பணம் என்று வந்தவர்கள். விபத்து விசாரணை பட்டாசு உரிமத்தைப் பற்றியது, அது வேண்டியதுதான். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தக் கிடங்குக்குள் ஏன் நிற்க வேண்டியிருந்தது என்பது அந்த விசாரணைக்குள் வராத கேள்வி.

எங்கள் கோரிக்கை மூன்று. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் நான்காம் பிரிவு என்ற பாகுபாட்டை ஒழித்து, தொழிற்பயிற்சி மாணவருக்கும் முதல் பிரிவின் தொகையைக் கொடு. பயிற்சிக் காலத்துக்கான மாத உதவி குறைந்தபட்சக் கூலியைத் தழுவி இருக்கட்டும். அப்ரன்டிஸ் சட்டத்தின் 3ஏ பிரிவுப்படி ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளில் எத்தனை இடம் நிரம்பியது என்பதை ஆண்டுதோறும் வெளியிடு. கடைசிக் கோரிக்கைக்கு யாரும் காத்திருக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் நாளைக்கே 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். மாணவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதுங்கள்.

அந்த அம்மா மறுநாளும் வந்தார். சேர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். கைக்குழுவில் கடன் வாங்கியிருப்பார் என்று நினைத்தோம், கேட்கவில்லை. விண்ணப்பத்தில் "பெற்றோர் தொழில்" என்று ஒரு கட்டம் இருந்தது. "அதுல என்ன சார் எழுதணும்?" என்றார். என்ன வேலை செய்றீங்க அக்கா என்று கேட்டோம். பதினோரு வருடமாகப் பசுமைக் குடிலில் ரோஜா வேலை. எந்தக் கணுவில் வெட்டினால் அடுத்த மொட்டு எத்தனை நாளில் வரும், எத்தனை சென்டிமீட்டர் தண்டு வெளிநாட்டுக்கு, எது உள்ளூர் மார்க்கெட்டுக்கு என்று பிரிப்பது, பிப்ரவரிக்கு வேண்டிய பூவுக்கு எப்போது கவாத்து செய்வது என்று சொல்லிக்கொண்டே போனார். பையன் பேனாவை வாங்கி "கூலி" என்று எழுதினான். நாங்கள் அதை அடித்துவிட்டு, "மலர் சாகுபடித் தொழில்நுட்பத் தொழிலாளி" என்று எழுதச் சொன்னோம். கட்டம் சின்னது. அவன் எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுதினான். கடைசிச் சொல் கோட்டுக்கு வெளியே போயிற்று.